முக்காலே மூணு வீசம்

எங்கள் ஐயாவின் வாயில் எதுவும் லேசில் 'முழுசு' ஆகிவிடாது. பேருந்தில் கூட்டம் முக்காலே மூணு வீசம் இருக்கும். சோறு முக்காலே மூணு வீசம் வெந்திருக்கும். தேர்வில் நான் தொண்ணூற்றைந்து வாங்கி வந்தால், "முக்காலே மூணு வீசத்தைத் தாண்டிட்டியே ஆத்தா" என்பார். 'கிட்டத்தட்ட எல்லாம்' என்பதற்கு ஊர்ப்பக்கம் சொல்லும் பேச்சு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். தொடக்கப்பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, பின்னம் நடத்திக்கொண்டிருந்த ஒருநாள் அந்தத் தொடர் திடீரென்று நினைவுக்கு வர, கரும்பலகை ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். வீசம் என்பது பதினாறில் ஒன்று. முக்கால் பன்னிரண்டு வீசம். மூன்றைச் சேர்த்தால் பதினைந்து. பதினாறில் பதினைந்து என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றே முக்கால். தொண்ணூற்றைந்து வாங்கிய பேத்தி அதைத் தாண்டித்தான் இருக்கிறாள். ஐயா பாராட்டு சொல்லவில்லை, கணக்குச் சொல்லியிருக்கிறார்.

முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொன்னது ஒன்று உண்டு: மனப்பாடம் செய்யாதே, புரிந்துகொள். அதில் பாதியை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று இருக்கிறது. காரணம் ஐயாதான்.

ஐயா 1930களில் கப்பலேறி சிங்கப்பூர் வந்தார். காரைக்குடிப் பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் படித்த படிப்பு, ஒரு தகரப் பெட்டி, பதினைந்து வயது. இவ்வளவுதான் கையிருப்பு. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டை எங்களவர்கள் செட்டித் தெரு என்பார்கள். செட்டியார்களான நகரத்தார் இந்தத் தீவுக்கு வரத் தொடங்கியது 1820களில். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிக் குடமுழுக்கும் செய்துவிட்டார்கள். வங்கிகள் வெள்ளைக்காரக் கம்பெனிகளைத் தவிர மற்றவர்களைப் பெரும்பாலும் வாசலோடு திருப்பி அனுப்பிய காலம். சீனக் கடைக்காரர், சிறு தோட்டக்காரர், சம்பளம் போதாத அரசாங்க குமாஸ்தா, இவர்களுக்கெல்லாம் கடன் பிறந்த இடம் கிட்டங்கி. பெயரைக் கேட்டுச் சரக்கு அடுக்கும் கிடங்கு என்று நினைக்க வேண்டாம். நீளமான கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம் முழுக்க ஒரே கூடம். இருபுறமும் சுவரோரமாக வரிசையாய் முழங்கால் உயர மரப்பெட்டிகள். ஒரு பெட்டி என்றால் ஒரு விலாசம், ஒரு தொழில். பெட்டிக்குப் பின்னால் தரையில் மேலாள், அவருக்குப் பக்கத்தில் அடுத்தாள், எல்லோருக்கும் கடைசியில் கூப்பிட்ட குரலுக்கு ஓடும் பெட்டியடிப் பையன். படுக்கை மாடியில். சமையல் பொது. மூன்று ஆண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்தால் ஊருக்குப் போய்வரலாம்.

1964 வாக்கில் ஒரு பள்ளி விடுமுறையில் ஐயா என்னை அங்கே கூட்டிப்போனார். அப்போது அவர் மேலாளாகிவிட்டிருந்தார். மரப்பெட்டியின் சாய்ந்த மூடியில் கை பட்டுப் பட்டு வழவழப்பேறியிருந்தது. விபூதி வாசனையும் பழைய காகித வாசனையும் கலந்து வரும். அரிசிக்கடைத் தவுக்கே (சீன முதலாளி) ஒருவர் வந்து ஐயாவுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்குளில் மணிச்சட்டம். எழுநூற்றிருபது வெள்ளி வாங்கியிருந்தார். நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் வட்டி. மூன்றரை மாதம் ஆகியிருந்தது. தவுக்கேயின் விரல்கள் மணிகளைத் தள்ளத் தொடங்கின. ஐயா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. மணிச் சத்தம் நிற்பதற்குள் கண்ணைத் திறந்து, "தீகா பூலோ சாத்து ஸ்தெங்ஙா" என்று மலாயில் சொன்னார். முப்பத்தொன்றரை. தவுக்கே சட்டத்தைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

அந்த வயதில் அது எனக்கு வித்தையாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். "எழுநூத்திருபது காணி ஒம்பது. ஒம்பது மூணு இருபத்தேழு. ஒம்பது அரை நாலரை. அம்புட்டுத்தான்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காணி என்றால் நிலம் என்றுதான் தெரியும்.

விளங்க இருபது ஆண்டு ஆயிற்று. தமிழ்க் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒன்று. நூற்றுக்கு ஒன்றேகால் என்றாலும் எண்பதுக்கு ஒன்று என்றாலும் ஒன்றுதான். ஆக, வெள்ளிக்கு மாதம் ஒரு காணி வட்டி. எண்பது காணி சேர்ந்தால் ஒரு வெள்ளி. எழுநூற்றிருபது காணி சேர்ந்தால் ஒன்பது வெள்ளி. எங்கள் பள்ளிகளில் நூற்றால் வகுத்து, ஒன்றேகாலால் பெருக்கி, புள்ளியை நகர்த்தி நாலு வரி எழுத வைக்கும் கணக்கு அது. ஐயாவுக்கு அது ஏழாம் வாய்ப்பாடு போல நாக்கில் இருந்தது.

நாக்கில் ஏற்றியது எண்சுவடி. திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடிக்கு அடுத்த சுவடி. ஒன்று, பத்து, நூறு என்று மேலே ஏறும் எண்கள் ஒரு பக்கம்; முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி, ஒருமா, காணி, முந்திரி என்று கீழே இறங்கும் எண்கள் மறுபக்கம். முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒன்று. அதற்கும் கீழே கீழ்முந்திரி, அது முந்திரியிலும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இவை அத்தனைக்கும் பெருக்கல் உண்டு. காலே கால் மாகாணி, அதாவது வீசம். அரைக்காலில் அரையும் மாகாணிதான். முக்காலே முக்கால் அரையே மாகாணி. பிறகு நெல்லளக்க ஒரு வாய்ப்பாடு, பொன் நிறுக்க ஒன்று, நிலத்தின் குழி கணக்கிட ஒன்று. ஒரு வாய்ப்பாடு முடிந்ததும் அதன் விடைகளையெல்லாம் கூட்டி வரும் தொகையையும் சொல்ல வேண்டும். ஏழாம் வாய்ப்பாடு ஏழில் தொடங்கி எழுபதில் முடிந்தால் கூட்டுத்தொகை முந்நூற்று எண்பத்தைந்து. நடுவில் ஓர் எண் நழுவியிருந்தால் தொகை காட்டிக்கொடுத்துவிடும். கணினிக்காரர்கள் தரவு பிழையில்லாமல் வந்து சேர்ந்ததா என்று பார்க்க இதே உபாயத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று என் மகன் சொன்னான். திண்ணையில் அது பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இருந்தது.

ஐயா சொல்லும் பள்ளியில் சத்தம்தான் பாடம். விடியுமுன் போய்ச் சேர வேண்டும். மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்றைய பாடம் இன்று காலை ஒருமுறை, போன வாரப் பாடம் இடையில் ஒருமுறை. பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. மாலையில் பள்ளி விடும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பெயர் சொல்லி அனுப்புவாராம். ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர். மறுநாள் வந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் தமது 'என் சரித்திரத்தில்' இந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது 1855இல். ஐயா படித்தது 1920களில். இரண்டு தலைமுறை தள்ளியும் வழக்கம் அப்படியே இருந்திருக்கிறது.

அந்தப் பழக்கத்தை ஐயா என்மேலும் ஏவினார். இரவு நான் படுக்கப் போகும்போது "மரிக்கொழுந்து" என்பார். காலையில் காப்பிக் குவளையோடு வந்து, "நேத்துச் சொன்னது என்ன ஆத்தா?" என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு பூப்பெயரை நினைவில் வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

விடை ஆசிரியர் பயிற்சியில் கிடைத்தது. ஜெர்மனியில் ஹெர்மான் எபிங்ஹௌஸ் என்பவர் 1885இல் நினைவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகள் 2300 வரை உருவாக்கி, அவற்றைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன் தலையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டவர். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஒருநாள் கழித்துப் பார்த்தால் போட்ட உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அதற்குப் பிறகு மறதி மெதுவாகிவிடுகிறது. ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட நாள் விட்டுப் படித்தால் அதிகம் நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். மறதி வேகமாகத் தின்னும் அந்த முதல் இரவின் மறுகரையில், காலையில், வாத்தியார் பூப்பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

இன்னொரு சோதனை எனக்கு அதைவிடப் பிடிக்கும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்தது. மாணவர்களிடம் ஒரு பத்தி கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பத் திரும்ப நான்கு வேளை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, நினைவிலிருந்து மூன்று வேளை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள் நூற்றுக்கு 83 சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களிடம் 40 தங்கியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61. தேர்வுக்கு முந்திய இரவு புத்தகத்தை மஞ்சள் மையால் பூசிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். கண் படிக்கிறது, தலை ஆடுகிறது, எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

இதை எழுதும்போது நன்னூல் எழுதிய பவணந்தியை விட்டுவிட்டால் எங்கள் தமிழாசிரியர் மன்னிக்க மாட்டார். நன்னூல் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல். ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்கு என்கிறது. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு, தான் மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேருமாம். கூட்டினால் முழுசு. இந்த ஓர் இடத்தில் ஐயாகூட முக்காலே மூணு வீசம் என்று சொல்ல மாட்டார்.

திண்ணையைப் புகழ்ந்துகொண்டே போக எனக்கு மனமில்லை. அங்கே பிரம்பு இருந்தது. ஐயாவின் இடது முட்டியில் ஒரு வடு கடைசிவரை இருந்தது. வாத்தியார் பெயரை மறந்தாலும் வடுவை மறக்கவில்லை அவர். எந்தச் சாதிப் பிள்ளை ஏறலாம், எது ஏறக்கூடாது என்ற கணக்கும் அந்தத் திண்ணையில் இருந்தது. பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கீழேதான் நின்றார்கள். எங்கள் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் நாற்பது ஆண்டுக் காலத்தில் எந்த வீட்டுக் கல்யாணத்தில் யார் எவ்வளவு மொய் செய்தார்கள் என்பதைப் பந்தி வரிசையில் உட்கார்ந்த இடத்தோடு சேர்த்துச் சொல்வார். "தூணுக்கு இந்தப் பக்கம் உக்காந்தவ அஞ்சு ரூவா" என்று தொடங்கும். இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை நினைவுக்குக் கொண்டுவரும் இந்த முறையைக் கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் கண்டுபிடித்தார் என்று மேற்கத்திய நூல்கள் சொல்லும். அங்கேயும் ஒரு விருந்துதான், பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதுதான். அப்பத்தாவுக்குச் சிமோனிடிஸைத் தெரியாது.

நினைவாற்றலுக்கு மேடையும் இருந்தது. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு பேருடைய கேள்விகளுக்கும் சோதனைகளுக்கும் ஈடுகொடுத்துச் சதாவதானி என்று பெயர் வாங்கினார். அது பேரறிஞரின் கலை. கிட்டங்கியில் இருந்தது கூலிக்கு வேலை பார்த்தவர்களின் நினைவு. கைதட்டல் கிடையாது. தப்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

இங்கே வந்ததும் ஐயாவின் வாய்ப்பாட்டுக்கு ஒரு சோதனை. ஊரில் ரூபாய்க்குப் பதினாறு அணா. மாகாணி என்றால் ஓர் அணா, கச்சிதம். இங்கே வெள்ளிக்கு நூறு காசு. மாகாணி ஆறேகால் காசாகிவிடுகிறது. ஒருமா நல்லவேளையாக ஐந்து காசு. அரைக்கால் பன்னிரண்டரை. முந்திரிக்குக் காசில் மூன்றில் ஒன்றுகூடத் தேறாது. "ஒரு வருசம் தலைக்குள்ளே ரெண்டு கடை நடத்துனேன்" என்பார். எடையில் மட்டும் அதிர்ஷ்டம். இங்கே ஒரு கட்டிக்குப் பதினாறு தாஹில். ஒரு தாஹில் சரியாக ஒரு மாகாணி. சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடைகளில் கட்டி மூன்று வெள்ளி என்றால் ஐந்து தாஹிலுக்கு எவ்வளவு என்று கடைக்காரர் தராசைத் தூக்குமுன் ஐயா சொல்லிவிடுவாராம். 1970களில் கிலோகிராம் வந்தது. கட்டிக் கணக்குப் போனது, மாகாணிக்கு இங்கே இருந்த கடைசி வேலையும் போனது.

ஐயாவின் நினைவைப் பாறை என்று நம்பியிருந்தேன். அதுவும் ஒருநாள் ஆட்டம் கண்டது. ஜப்பான்காரன் முதல் குண்டு போட்ட கதையை அவர் அடிக்கடி சொல்வார். மதிய நேரம், பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருக்கிறார், ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் பெரும் சத்தம், மைக்கூடு கவிழ்ந்து பக்கம் முழுதும் நீலம். மைக்கூடு உருண்டதைக் கையால் காட்டுவார். பிற்பாடு வரலாற்று நூல்களில் பார்த்தேன். 1941 டிசம்பர் 8, விடியுமுன், ஊர் தூங்கிக்கொண்டிருந்தபோது விழுந்தது அந்தக் குண்டு. ராஃபிள்ஸ் பிளேஸ் சரி, பக்கத்துத் தெருதான். ஆனால் அந்த நேரத்தில் யாரும் பேரேடு எழுதியிருக்க முடியாது. அடுத்த வாரங்களில் பகலில் விழுந்த குண்டு ஏதோ ஒன்று இதோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஐயா பொய் சொல்கிறவர் அல்ல. கேம்பிரிட்ஜில் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் எழுதியது இதைத்தான்: நடந்ததை நாம் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம், கட்டும்போது பொருத்தமானதைச் சேர்த்துக்கொள்கிறோம். ஐயா நூறு தடவை சொன்ன கதை நூறு தடவை செப்பனிடப்பட்ட கதை. அதே ஐயாவின் காணி வாய்ப்பாட்டில் ஒரு வரிகூடப் பிசகவில்லை. வாய்ப்பாட்டுக்குக் கூட்டுத்தொகை இருந்தது, தப்பினால் திருத்த ஆள் இருந்தார். குண்டு விழுந்த கதையைத் திருத்த யாரும் இல்லை.

என் பழைய வாக்கியத்துக்கு வருகிறேன். மனம் ஒரே நேரத்தில் கையில் ஏந்தக்கூடியது நான்கைந்து துண்டுகள்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதையே விரல் மடக்கிக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அதிலேயே கை நிறைந்துவிடும். கேள்வி என்ன கேட்கிறது என்று யோசிக்க இடமிருக்காது. ஐயாவுக்கு வாய்ப்பாடு நாக்கில் இருந்ததால் தலை காலியாக இருந்தது. அதனால்தான் ஒன்றேகாலைக் கண்டதும் 'அட, இது காணி' என்று பிடிக்க முடிந்தது. புரிந்துகொள், மனப்பாடம் செய்யாதே என்று பிரித்துச் சொன்னது என் தவறு. என்னிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது கணக்காய்வாளர்கள். அவர்களிடம் தனித்தனியாக மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

வாய் விடாமல் சொன்னது நிற்கும் என்பதற்குத் தேக்காச் சந்தையைவிட நல்ல சாட்சி வேண்டாம். மூங்கிலடி என்ற பொருளில் ஹொக்கியன்காரர்கள் வைத்த பெயர் நம் வாயில் தேக்கா ஆனது. 1915இல் கட்டிய பழைய சந்தையை இடித்து, 1982இல் எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாற்றியபோது அதே சீன எழுத்துகளை மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பலகையில் எழுதினார்கள். மீன் வாங்கப் போன ஒருவர்கூட ஜூஜியாவ் போகவில்லை. எல்லோரும் தேக்காவுக்குத்தான் போனோம். பதினெட்டு ஆண்டு கழித்து, 2000இல், பலகை தோற்றது. இப்போது தேக்கா சென்டர்.

செட்டித் தெருவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1970களின் இறுதியில் நகரச் சீரமைப்புக்காக மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் போயின. 1984இல் அந்தத் தெருவில் கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடம் வந்தது. அதையும் இடித்து இப்போது 51 மாடியில் கேப்பிட்டாஸ்பிரிங் நிற்கிறது. போன மாதம் அங்கே போய் நின்று, தவுக்கே உட்கார்ந்த இடம் எதுவாக இருக்கும் என்று பார்த்தேன். பிடிபடவில்லை.

பெயரனிடம் இப்போது நானும் இரவில் ஒரு பெயர் சொல்கிறேன். எரிச்சல்படுகிறான். காலையில் முக்காலே மூணு வீசம் சரியாகச் சொல்லிவிடுகிறான்.

ஐயாவின் குரலை நான் பதிவுசெய்து வைக்கவில்லை. காணி வாய்ப்பாடு முழுதாக எனக்கு வராது. நாலைந்து வரிதான் தேறும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்து வருகிறது. ஆனால் உங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலிவரை அவர்கள் வந்துகொண்டிருக்க முடியாது. மாகாணி, காணி, முந்திரி என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்று மாலையே பக்கத்தில் போய் உட்காருங்கள். கைபேசியைப் பதிவில் போட்டுவிட்டு, ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து கேளுங்கள். கூட்டுத்தொகையையும் மறக்காமல் கேளுங்கள்.